வேண்டாம் என்று சொல்ல ஒரு கட்டணம்

எங்கள் தொழிலில் பாவம் என்று ஒன்றுதான் உண்டு. "முடியாது" என்று சொல்வது. கடல் நடுவில் நிற்கும் எண்ணெய் மேடைக்குக் குழாய் வரைந்து தரவேண்டும், நாலு மாத வேலை, ஆறு வாரத்தில் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பர்மனென்ட்காரன் தலையைச் சொறிந்துகொண்டு "கஷ்டம்" என்பான். அவனுக்கென்ன, மாதம் பிறந்தால் சம்பளம். எங்களைப் போல நாள் கூலிக்குக் காண்ட்ராக்டில் வந்தவன் "செஞ்சிடலாம்" என்பான். செய்து முடிப்பானா என்பது அப்புறம். "கஷ்டம்" என்று வாயைத் திறந்தவனுக்கு அடுத்த மூன்று மாதத்துக்குக் காண்ட்ராக்ட் நீளாது. அந்த வெள்ளிக்கிழமை அவன் எல்லோருக்கும் ரோயி வாங்கி வரவேண்டும்.

ரோயி எங்கள் ஊர் அபர்டீனின் ரொட்டி. தட்டையாக, உப்பாக இருக்கும், கொழுப்பு விரலில் ஒட்டும். வேலை போனவன் தன் கைக்காசில் வேலை போகாதவர்களுக்குக் காலைச் சாப்பாடு வாங்கித் தரவேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். இதைக் கண்டுபிடித்தவன் நல்ல மனசுக்காரனாக இருந்திருக்க முடியாது. எண்ணெய் விலை விழுந்து கிடந்த அந்த வருஷம் வாரம் தவறாமல் ரோயி வந்தது. சில வாரம் இரண்டு பெட்டி வந்தது. "ஐயோ பாவம், ஐயோ பாவம்" என்று சொல்லிக்கொண்டே ஜாம் தடவிச் சாப்பிட்டோம். நான் நன்றாகப் பருத்தேன்.

நான் ரோனா. வரைபடங்களுக்கு எண் போட்டு, எது யாரிடம் இருக்கிறது என்று கணக்கு வைப்பது என் வேலை. அதற்கு முன்னால் நகரசபைக் கவுன்சில் ஆபீசில் இருபது வருஷம் இருந்து, பென்ஷனும் சேர்த்து, மேலதிகாரியோடு சண்டை பிடித்து வெளியே வந்தவள். கல்யாணம் கட்டவில்லை, கட்டச் சொல்லி எவனும் காலில் விழவும் இல்லை. என் மேஜைக்கு எதிர் மேஜை லாக்லன், குழாய் இன்ஜினியர். என் தங்கை இஷ்பெலின் புருஷன். என்னை இந்த ஆபீசுக்குள் கொண்டுவந்து விட்டவனும் அவன்தான்.

இஷ்பெலுக்கு நரம்பு வியாதி. கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தன. லாக்லன் விடியுமுன் கிளம்பினால் இருட்டியபின் வருவான், நடுவில் அவள் தனி. அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் காலையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் விழுந்தவள், அவன் வரும்வரை அங்கேயே கிடந்தாள். பாலெடுக்கப் போனவள். உடம்பு நனைந்து, குளிர்ந்து, கோபத்தில் பேச்சு வராமல் கிடந்தாளாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே கேள்விதான். லாக்லன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க முடியுமா? விட்டால் இருவரும் எதைத் தின்பது?

அவனும் ஒரு காலத்தில் பர்மனென்ட்காரன். பெரிய எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் வாலிபத்தையெல்லாம் கழித்தவன். அதற்குப் பலனாக அறுபது வயதிலிருந்து சாகும்வரை பென்ஷன் உண்டு. விலைவாசி ஏறினால் அதுவும் ஏறும். அவனுக்குப் பிறகு பாதி இஷ்பெலுக்கு, அவள் மூச்சு நிற்கும்வரை. காண்ட்ராக்டுக்கு வந்த பிறகு அவன் சேர்த்தது சுழி. எல்லோரையும் போல ஓர் ஆள் கம்பெனி ஒன்றைப் பதிவு செய்துகொண்டான். அவனே முதலாளி, அவனே தொழிலாளி, பெண்டாட்டி பங்குதாரர். வந்த பணம் படகாயிற்று, புதுச் சமையலறையாயிற்று, டெனெரிஃப் தீவில் வெயில் காய்வதாயிற்று. பென்ஷனுக்குப் போடு என்றால் "அதெல்லாம் பர்மனென்ட்காரனுங்க சமாச்சாரம்" என்பான்.

அப்போது அவனுக்கு ஐம்பத்தேழு. பழைய கம்பெனி ஒரு விலை சொல்லியிருந்தது. பென்ஷனை விட்டுக்கொடுத்தால் மொத்தமாக ஆறு லட்சம் பவுண்டு. அதைக் கேட்ட நாளிலிருந்து அவன் நடையே மாறிப்போயிற்று. ஆனால் சட்டம் ஒரு முட்டுக்கட்டை வைத்திருந்தது. எந்த பாங்க்கையும் கம்பெனியையும் சாராத ஓர் ஆலோசகரிடம் போய், அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பணத்தை மாற்றலாம். அப்படித்தான் மிஸ் லீஸ்க்கிடம் போனோம். வண்டி ஓட்ட நான்.

பக்கத்து ஊர் ஸ்டோன்ஹேவனில், காது கேட்கும் கருவி விற்கும் கடைக்கு மேல் மாடி. படி ஏற இஷ்பெலால் முடியாது, லாக்லன் தூக்கிக்கொண்டு போனான். மிஸ் லீஸ்க் மூக்கு சிவந்த, சின்ன உருவமுள்ள பெண்மணி. உட்காருமுன்பே கட்டணத்தைச் சொன்னார்.

"நான் சரின்னு சொன்னாலும் இதே காசு, வேண்டாம்னு சொன்னாலும் இதே காசு. அப்புறம் சண்டைக்கு வராதீங்க."

லாக்லனின் நாலு நாள் கூலி அது. விசிலடித்தான். நாலு நாள் ஆபீசில் உட்கார்ந்து இவன் என்ன கிழிக்கிறான் என்பது எதிர் மேஜைக்காரிக்குத் தெரியும். ஆனால் சட்டம் சட்டம், கொடுத்தான். மூன்று வாரம் கழித்து மறுபடியும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான்.

"வேண்டாம்," என்றார் மிஸ் லீஸ்க்.

"எது வேண்டாம்?"

"எதையுமே தொட வேண்டாம். பென்ஷன் இருக்கற இடத்துலயே இருக்கட்டும். அறுபது வரைக்கும் வேலை பாருங்க. படகை வித்துடுங்க. அந்தக் காசுல பகல்ல இவங்களுக்கு ஒரு ஆள் போடுங்க. உங்க கம்பெனி மூலமா பென்ஷனுக்குக் கொஞ்சம் கொஞ்சம் போடுங்க, வரி மிச்சம்."

"இதைச் சொல்லவா மூணு வாரம்?"

"ஆமா. கணக்கு போட்டுத்தானே சொல்லணும்."

"ஆறு லட்சம் கைக்கு வந்தா நான் நாளைக்கே இவகூட வீட்ல உக்காரலாம்ங்க!"

"உக்காரலாம். ஆனா நீங்க போனப்புறமும் இவங்க இருப்பாங்க. இந்த வியாதி சட்டுனு ஆளைக் கொல்லாது, படுக்க வெச்சிடும். அப்போ அந்தக் காசு மிச்சம் இருக்கணுமே? பென்ஷன்னா தீராது."

இஷ்பெல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படிப் பச்சையா பேசறதுக்குத் தனிக் காசா, இல்ல நாங்க குடுத்ததுலயே சேத்தியா?" என்று கேட்டாள்.

"அதுலயே சேத்திதான்," என்றார் மிஸ் லீஸ்க். சிரிக்கக்கூட இல்லை. எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று.

திரும்பும் வழியெல்லாம் லாக்லன் பின் சீட்டிலிருந்து பொரிந்து தள்ளினான்.

"நாலு நாள் கூலி! 'ஒண்ணும் பண்ணாதே'ன்னு சொல்ல நாலு நாள் கூலி! இதே மாதிரி நான் போய் கிளையன்ட்கிட்ட 'ஒண்ணும் பண்ணாதீங்க, இருக்கறபடியே இருக்கட்டும்'னு சொன்னா வெச்சுப்பானா என்னை? அன்னிக்கே வாசலைக் காட்டிடுவான். இந்தம்மாவுக்கு வேலை தெரியல, ரோனா. தெரிஞ்சவ வழியைத்தான் சொல்லுவா, வேண்டாம்னா சொல்லுவா?"

இதுதான் அவன் செய்த தவறு. அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் கூட்டமே அப்படித்தான். முடியாது என்பவன் வேலை தெரியாதவன், முடியும் என்பவன் கெட்டிக்காரன் என்று வருஷக்கணக்காகப் பழகிவிட்டோம். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் ஆலோசகரை அளந்தால் என்ன ஆகும்? "சரி" என்று தலையாட்டுபவன் கிடைக்கும்வரை அலையத்தான் தோன்றும்.

"இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதுக்கு ஆசப்படாத, லாக்லன்," என்றேன்.

"பாரு, கவுன்சில் புத்தி! உன் பென்ஷன் மேல நீ அடைகாத்துட்டு உக்காரு, குஞ்சு பொரிக்கும்."

ஊர் நெருங்கியபோது இஷ்பெல் சொன்னாள். "எனக்கு எழுபது வயசுல காசு இருக்குமான்னு அந்தம்மாவுக்குக் கவலை. நாளைக்குப் பகல்ல நான் விழுந்தா யார் தூக்கறதுன்னு எனக்குக் கவலை. இன்னொரு தடவை அந்த ஃபிரிட்ஜ்கிட்ட நான் கிடக்க மாட்டேன்."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். கிடந்தவள் அவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரோயி சாப்பிடும்போது லாக்லன் ஸ்டோன்ஹேவன் கதையை எல்லோருக்கும் நடித்துக் காட்டினான். மூக்கை உறிஞ்சி "வேண்டாம்" என்றான். ஆபீஸே சிரித்தது. மின்சார வேலை பார்க்கும் டூகி மட்டும் சிரிக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான்.

"டேய், நீ போய் பொம்பளைங்க சங்கத்துல கேட்டா அப்படித்தான் சொல்லுவாங்க. தெக்கால பெர்த் ஊர்ல ஒருத்தர் இருக்கார், வண்டியில ரெண்டு மணி நேரம். காண்ட்ராக்ட்காரங்களுக்குன்னே பண்றவர். நம்ம பிழைப்பு தெரிஞ்சவர்டா."

"சாராத ஆளா?"

"கார்டுலயே போட்டிருக்கார். என்னோடதை அவர்தான் மாத்திக் குடுத்தார். கையில இருந்து ஒரு பைசா வாங்கல. வேலை முடிஞ்சாத்தான் காசு, அதுவும் அந்தத் தொகையிலயே கழிச்சுப்பார்."

"இப்ப எப்படி இருக்கு உன் பணம்?"

"ராஜா மாதிரி இருக்கு," என்றான் டூகி. அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

பெர்த்காரன் ஒரு ஓட்டலின் வரவேற்பறையில் காபி வாங்கிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினான். "செஞ்சிடலாம்" என்றானாம், முதல் வார்த்தையே. லாக்லன் உருகிப்போனான். பெர்த்காரன் எடுத்துக்கொண்ட பங்கு மிஸ் லீஸ்க் வாங்கியதைப் போல எட்டு மடங்கு. ஆனால் லாக்லனின் பையிலிருந்து எடுக்கவில்லை, அந்த ஆறு லட்சப் பானையிலிருந்து எடுத்தான், அதனால் வலிக்கவில்லை. மீதியை அட்லாண்டிக்கில் ஏதோ ஒரு தீவில் இனிமேல் கட்டப்போகும் ஓட்டலின் அறைகளில் போட்டான். அறை வாடகை மாதாமாதம் வரும், அசல் அப்படியே நிற்கும் என்பது பேச்சு.

வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் மணி அடித்தாற்போல வந்தது. லாக்லன் வேலையை விட்டான். அவன் வாங்கி வந்த ரோயி மட்டும் அழுகையில்லாத ரோயி, எல்லோருக்கும் இரண்டிரண்டு. வீட்டில் படிக்கட்டோடு ஏறும் நாற்காலி வந்தது. அவளைக் குளிப்பாட்டினான், தலை வாரிவிட்டான், படகில் தூக்கி உட்கார வைத்து மீன் பிடிக்கக் கூட்டிப்போனான். அவள் கன்னத்தில் சதை போட்டது. ஞாயிறு தேநீருக்குப் போனால் என்னைப் பார்த்து "உன் மிஸ் லீஸ்க் எப்படி இருக்காங்க?" என்று இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே பொறாமையாக இருக்கும். என் தங்கை நன்றாக இருப்பதைப் பார்த்து எனக்கு ஏன் பொறாமை என்று கேட்காதீர்கள், இருந்தது.

பிறகு ஒரு மாதம் வாடகை வரவில்லை. அடுத்த மாதம் "சின்னத் தாமதம்" என்று செய்தி வந்தது. அதற்கடுத்த மாதம் ஓட்டல் கட்டிய கம்பெனி திவால். மணல்மேல் பாதிச் சுவர்கள் நிற்கின்றனவாம், ஆடு மேய்கிறதாம். பெர்த்காரன் தன் கம்பெனியை மூடிவிட்டு, பெயர்ப்பலகையை மாற்றி, அடுத்த தெருவில் வேறு கம்பெனி திறந்துவிட்டான். நஷ்ட ஈடு கேட்க ஓர் இடம் இருக்கிறது, லாக்லனும் கேட்டிருக்கிறான். வருஷக்கணக்காகும், கால்வாசி தேறினால் அதிசயம்.

லாக்லன் ஆபீசுக்குத் திரும்பி வந்தான். அதே மேஜை, முன்பு வாங்கிய கூலியில் பாதி. படகு அதற்குள் கடனுக்குப் போயிருந்தது. வந்த முதல் நாளே டூகியைப் புகை பிடிக்கும் கொட்டகைக்குள் மடக்கினான். அடித்துவிடப் போகிறானே என்று நானும் பின்னால் ஓடினேன்.

"ராஜா மாதிரி இருக்குன்னியேடா! உன் காசு எங்க இப்ப?"

டூகி சிகரெட்டை இழுத்தான். "என்னோடது உனக்கு முன்னாடியே போயிடுச்சு. வேற தீவு."

"அப்ப... நீ என்கிட்ட சொன்னப்பவே போயிடுச்சா?"

"சொல்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி."

"பின்ன ஏன்டா என்னை அனுப்பின?"

"ஆள் அனுப்பினா தலைக்கு ரெண்டாயிரம் தர்றான். நான் வீட்டுக் கடன் கட்டணும். என்னை அனுப்பினவனும் அப்படித்தான் அனுப்பினான். நான் அவனை அடிச்சேனா?" சிகரெட்டை மிதித்து அணைத்தான். "நீயும் அனுப்பு. நாலு பேரை அனுப்பினா குளிர்காலம் ஓடிடும். இப்பவும் குடுக்கறான், புதுக் கம்பெனி பேர்ல."

லாக்லன் அடிக்கவில்லை. அவனுக்கு அந்த யோசனை உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டூகி போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரோனா, இஷ்பெலுக்குத் தெரியாது. வாடகை குறைஞ்சிருக்கு, அதனால கொஞ்ச நாள் வேலைக்குப் போறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். உன் கால்ல விழறேன், சொல்லிடாத. அவ தாங்க மாட்டா."

சொல்லவில்லை. பகலெல்லாம் தனியாகக் கிடக்கிறவள் தலையில் இதையும் இறக்குவானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் மட்ச் என்ற பெரியவர் எங்கள் ஆபீசுக்குக் காண்ட்ராக்டில் வந்தார். பீட்டர்ஹெட்காரர், வாயில்லாப் பூச்சி, முப்பது வருஷம் ஒரே இடத்தில் பர்மனென்டாக இருந்து ஆட்குறைப்பில் வெளியே தள்ளப்பட்டவர். வெள்ளிக்கிழமை ரோயியைக் கையில் வைத்துக்கொண்டு, "பழைய பென்ஷன் ஒண்ணு இருக்கு, யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. உங்களுக்கெல்லாம் யாரையாவது தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

யாரும் பேசுமுன் லாக்லன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "நல்ல ஆள் ஒருத்தர் இருக்கார்ங்க. என்னோடதை அவர்தான் பாத்தார்."

"திருப்தியா இருக்கா?"

"ராஜா மாதிரி இருக்கு."

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். திங்கட்கிழமை நகலெடுக்கும் மெஷின் பக்கம் மட்ச்சை நிறுத்திச் சொன்னேன். "லாக்லன் சொன்ன அந்தப் பெர்த்காரன்கிட்ட போனீங்கன்னா உங்க பொண்டாட்டியையும் சேத்து வித்துடுவான். ஸ்டோன்ஹேவன்ல ஒரு அம்மா இருக்காங்க. காசு கேப்பாங்க, குடுங்க. வேண்டாம்னு சொன்னா கேட்டுக்குங்க." அவர் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த வாரமே இஷ்பெல் ஃபோன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வா. லாக்லன் வெளிய போறான், நாம ரெண்டு பேரும் மட்டும்."

நல்ல கோப்பைகள் எடுத்து வைத்திருந்தாள். வீடு மூத்திர வாடையடித்தது, பகலில் மாற்றிவிட ஆளில்லை. அந்த வாடைக்கு நடுவில் எலுமிச்சைக் கேக். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பாவம், ஒன்றும் தெரியாமல் இருக்கிறாளே என்று மனம் உருகிக்கொண்டே கேக்கை வெட்டினேன்.

"மட்ச்சை ஏன்டி கலைச்சுவிட்ட? லாக்லன்கிட்ட அவனே சொல்லிட்டான்," என்றாள்.

கத்தி பாதியில் நின்றது.

"என்ன பாக்கற? எனக்குக் கால்தான் போச்சு, காது போகல. ராத்திரி அவன் கீழ உக்காந்து அழறது மாடிக்குக் கேக்காதா? நான்தான் அவனை உக்கார வெச்சு எல்லாத்தையும் கேட்டேன். மட்ச்சோட பேசுன்னு சொன்னதும் நான்தான். ரெண்டாயிரம், ரோனா. பகல் ஆளுக்கு மூணு மாசம் வந்திருக்கும்."

"அந்த மனுஷனுக்குப் பேரன் பேத்தி இருக்கு, இஷ்பெல்."

"எனக்கு என்ன இருக்கு? மட்ச் வந்து என் பாவாடையை மாத்துவானா?" கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து, சிந்தாமல் ஒரு வாய் குடித்து வைத்தாள். "சரி, மட்ச் கை விட்டுப் போனான். நீ போ."

"எங்க?"

"பெர்த்துக்குத்தான். கவுன்சில் பென்ஷனை மாத்தலாமாம், விசாரிச்சுட்டேன். உன்னோடது பெரிசு, உன்னோடதுக்கு நாலாயிரம் தர்றதா சொன்னான்."

அவள் வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. பால்காரனிடம் கணக்குப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தாள்.

"என் காசு மொத்தமும் போயிடுமே, இஷ்பெல். நாலாயிரத்துக்கா?"

"உனக்கு யாரு இருக்கா, சொல்லு? புருஷனா, புள்ளையா? கவுன்சில்ல வாரிசா என் பேரைத்தான குடுத்திருக்க? ஃப்ளாட்டும் எனக்குத்தான எழுதியிருக்க? நீ செத்தா எல்லாம் இங்கதான் வரப்போகுது. அதுல ஒரு துண்டைக் கொஞ்சம் முன்னாடி கேக்கறேன், அவ்வளவுதான். நீ சாகற வரைக்கும் காத்திருக்க எனக்கு உடம்பு இல்ல."

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நான்தான் அந்த யானை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அவள் எதிரில் அழக்கூடாது என்று குளியலறைக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வந்தபோது என் தட்டில் கேக் துண்டு ஒன்றை வைத்திருந்தாள். பெர்த்காரனின் கார்டு தட்டுக்கடியில் இருந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

"ரொம்ப யோசிக்காத," என்றாள்.

அடுத்த நாள் லீவு போட்டு ஸ்டோன்ஹேவனுக்குப் போனேன். மிஸ் லீஸ்க் நான் சொன்னதையெல்லாம் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். மட்ச் வந்துவிட்டுப் போனாராம், அதை மட்டும் சொன்னார்.

"சரி, இப்ப உங்களுக்கு என்ன பண்ணணும்?"

"கவுன்சில் பென்ஷன்ல தங்கச்சி பேரை எடுக்கணும். ஃப்ளாட்லயும்."

"இதுக்கு நீங்க என்கிட்ட வரவே வேணாம். பென்ஷனுக்குக் கவுன்சிலுக்கு ஒரு ஃபோன் போட்டா போதும். வீட்டுக்கு வக்கீல். யார் பேரைப் போடப் போறீங்க?"

"இன்வெரூரி பக்கத்துல வயசான கழுதைங்களைத் தர்மமா வெச்சுப் பாத்துக்கற இடம் ஒண்ணு இருக்கு இல்ல, அவங்க பேரை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க தங்கச்சி பேசினது தப்புதான். ஆனா அவங்க பயந்துபோய்ப் பேசியிருக்காங்க. நாளைக்கு அவங்க வீட்டுக்காரர் போயிட்டா அவங்களுக்கு இருக்கறது உங்க காசு மட்டும்தான். கோவத்துல பண்ற காரியம் இது. என்னைக் கேட்டா, வேண்டாம்."

"எவ்வளவு தரணும்?"

"இதுக்கு ஒண்ணும் வேணாம்."

இலவசமாக வந்த ஆலோசனை. வாங்கிக்கொண்டேன், கேட்கவில்லை. அன்று மத்தியானமே வண்டிக்குள் உட்கார்ந்து கவுன்சிலுக்கு ஃபோன் போட்டேன். ஃபோனை எடுத்த பெண் "கழுதைகளா?" என்று இரண்டு தடவை கேட்டாள். வக்கீல் ஒரு தடவைதான் கேட்டார்.

இஷ்பெலிடம் பெர்த் போக மாட்டேன் என்று சொன்னேன். கழுதைகளைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு மாதம் பேசாமலிருந்துவிட்டு அவளாகவே ஃபோன் செய்தாள். இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். கேக் இருக்கிறது, வீட்டில் அதே வாடை இருக்கிறது. லாக்லன் பாதிக் கூலிக்குப் போய்வருகிறான், பகலில் அவள் தனி. இந்தக் குளிர்காலத்தில் இன்னும் இரண்டு தடவை விழுந்துவிட்டாள். அவள் கன்னத்துச் சதையெல்லாம் போய்விட்டது.

முன்பெல்லாம் என் உடம்பைப் பற்றி அவள் கேட்டதே கிடையாது. இப்போது வாரம் தவறாமல் கேட்கிறாள். "இருமல் இன்னும் போகலையா, ரோனா? நெஞ்சு வலி ஏதாவது இருக்கா? ராத்திரி தூக்கம் வருதா?" லாக்லனும் கேக் வெட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். நான் தேவைக்கு மேல் கொஞ்சம் இருமிக்காட்டிவிட்டு, இன்னொரு துண்டு வெட்டச் சொல்கிறேன்.